கூப்பிடு தூரத்தில் ஒரு வாழ்க்கை

1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. ஹூப்ளிப் பக்கமிருந்து ரயிலோடு வந்தது என்பார்கள். சிக்பேட்டை, பளேபேட்டை, நகரத்பேட்டை என்று இன்றும் பேர் சொல்லும் பழைய நகரத்தில் வீடும் கடையும் தானியக் கிடங்கும் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நின்றன. மூட்டை இருக்கும் இடத்தில் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி, அது கடித்த வீட்டில் சாவு. ஜனங்கள் பேட்டையை விட்டு ஓடினார்கள். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் எழுந்ததுபோல இங்கே பிளேக்கம்மாவுக்கு எழுந்தது. மைசூர் அரசாங்கம் தன் பங்குக்கு ஊரையே விரித்துப் போட்டது. பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலம் அது. வடமேற்கில் மல்லேஸ்வரம், தெற்கில் பசவனகுடி என்று கோடு போடத் தொடங்கியிருந்த இரண்டு புதிய குடியிருப்புகள் பிளேக்குக்குப் பிறகு வேகம் பிடித்தன.

நேர்நேராகத் தெருக்கள், வீட்டைச் சுற்றிக் காற்றுக்கு இடம், நடுவில் பூங்கா, கோயிலையும் சந்தையையும் ஒட்டி வளர்ந்த கடைத்தெரு. வீடுகளின் முதுகுப்புறம் கழிவை எடுத்துப்போகத் தனிச் சந்து. கன்சர்வன்சி லேன் என்று இன்றைக்கும் அதற்குப் பெயர். கண்டோன்மெண்ட் பக்கம் 1906இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஃபிரேசர் டவுன் இன்னும் ஒரு படி மேலே போனது. எலி புகாத வீடு எப்படிக் கட்டுவது, தெரு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்துக் கட்டிய ஊர் அது. அந்த அனுபவத்தை வைத்து ஜே.எச். ஸ்டீபன்ஸ் பிளேக் தாக்காத நகர அமைப்பைப் பற்றி 1914இல் ஒரு புத்தகமே எழுதினார்.

பெங்களூரில் இன்று நடந்தே வாழ முடிகிற பேட்டைகள் எவை என்று கேட்டால் ஊர்க்காரர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் இவை வந்துவிடும். நோயிலிருந்து மக்களைக் காக்கப் போட்ட திட்டம்தான் நூற்றிருபது ஆண்டுகள் தாண்டியும் இந்த நகரத்தின் மிகச் சிறந்த நகரத் திட்டமாக நிற்கிறது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள், பணமும் இயந்திரமும் பொறியாளர்களும் பல மடங்கு பெருகியிருந்தும், அதைவிட நல்லதாக ஒன்றைப் பரவலாகக் கட்டவில்லை. இந்த வருத்தத்தில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

மல்லேஸ்வரத்துச் சம்பிகே ரோட்டில், எட்டாவது கிராஸ் பக்கம் ஒரு காலை நேரம் நின்று பார்த்தால் போதும். மல்லிகையும் கனகாம்பரமும் முழம் போடுகிறவர்கள், கீரைக்கட்டு பரப்பியவர்கள், கொஞ்சம் தள்ளி மருந்துக்கடை, வங்கி, பள்ளிக்கூடம், ஏழாவது கிராஸ் முனையில் வெண்ணெய் தோசைக்குப் பேர்போன சி.டி.ஆர். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு ஏறினால் 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சிவாஜியின் தம்பி வெங்கோஜியின் கொடையைச் சொல்கிறது. அதே வெங்கோஜிதான் பின்னால் தஞ்சாவூருக்குப் போய் மராட்டிய அரசை நிறுவியவர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாகவோ இருவராகவோ வாழும் முதியவர்கள் நிறைந்த பேட்டை இது. காலை நடை, பால், பூ, கோயில், மருந்து, நாலு பேரிடம் நாலு வார்த்தை, எல்லாம் முடித்து அவர்கள் வீடு திரும்பும்போது வண்டிச் சாவியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு உலக அளவில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கிளாரன்ஸ் பெரி 1929இல் சொன்னார்: ஒரு குடியிருப்பின் நடுவில் ஆரம்பப் பள்ளியை வையுங்கள், எந்த வீட்டிலிருந்தும் கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் நடந்தால் குழந்தை அதை அடைய வேண்டும், பெரிய சாலைகள் ஓரத்தில் போகட்டும், உள்ளே குறுக்கே வரக் கூடாது. இப்போது பாரிஸ் நகரம் பேசும் பதினைந்து நிமிட நகரம் என்ற எண்ணமும் இந்த வழியில் வந்ததுதான். கார்லோஸ் மொரேனோ அதை வகுத்தார். மேயர் ஆன் இடால்கோ 2020இல் அதை வைத்தே தேர்தலைச் சந்தித்தார். மல்லேஸ்வரத்துப் பாட்டிக்கு இவர்கள் யாரையும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் அந்த வாழ்க்கையை ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த அறிவு ஒரேயடியாக மறந்துபோகவில்லை. ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூரு சென்ட்ரல் காலேஜில் படித்த ராஜாஜி, 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து ஜெயநகரைத் தொடங்கிவைத்தார். அதன் நினைவாக நிற்கும் அசோகத் தூணைத் தாண்டித்தான் இன்றும் பஸ்கள் போகின்றன. பிளாக் பிளாக்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் விளையாட்டுத் திடலும் பள்ளியும் கடைகளும் விட்டு, நடுவே நாலாவது பிளாக்கைச் சந்தை மையமாக வைத்தார்கள். அகலமான நிழல் சாலைகள். உட்கார நாற்காலி இல்லாமல் நின்றபடியே இட்லி சாப்பிட்டுப் போகும் தர்ஷினி ஓட்டல் 1983இல் முதலில் முளைத்தது ஜெயநகரில்தான். நடந்து வருகிறவர்கள் நிறைய இருக்கும் ஊரில்தான் அப்படி ஓர் ஓட்டல் பிழைக்கும்.

பெங்களூருக்கென்றே சில நல்ல நிறுவனங்கள் இருப்பதையும் சொல்ல வேண்டும். 1959இல் திராட்சை விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கிய ஹாப்காம்ஸ், மூலைக்கு மூலை சின்னக் கடை வைத்து விவசாயியின் காய்கனியை நேராக வீட்டுக்காரருக்கு விற்றது. நந்தினி பால் பூத். 2017இல் வந்த இந்திரா கேண்டீன்; சென்னையின் அம்மா உணவகத்தைப் பார்த்து வார்டுக்கு ஒன்று என்று திட்டமிடப்பட்டு, காலை உணவு ஐந்து ரூபாய், மதியச் சாப்பாடு பத்து ரூபாய் என்று தொடங்கியது. 2023இல் திறக்கப்பட்ட, அரசின் சிறு மருத்துவ மையமான நம்ம கிளினிக். இவை ஒவ்வொன்றும் பிழைப்பது பக்கத்தில் இருப்பதால். பாலுக்காகவும் சர்க்கரை மாத்திரைக்காகவும் யாரும் ஆட்டோ பிடித்துப் போக மாட்டார்கள். ஆரோக்கியமான சாப்பாடும் முதல் மருத்துவமும் நடக்கும் தூரத்தில் இருப்பது ஏழைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நின்றவருக்குத் தெரியும்.

சைட் விற்றார்கள், ஊர் கட்டவில்லை

எங்கே தவறியது? என் பார்வையில், லேஅவுட் என்பது ஊராக இருப்பது நின்று மனைகளின் தொகுப்பாக மாறிய இடத்தில்தான்.

பழைய நகர மேம்பாட்டு அறக்கட்டளையும், 1976இல் அதன் இடத்துக்கு வந்த பெங்களூர் வளர்ச்சி ஆணையமும் (பி.டி.ஏ.) போட்ட லேஅவுட்டுகளில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பூங்காவுக்கும் இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. சி.ஏ. சைட் என்பார்கள். நகரம் வளர்ந்த வேகத்துக்கு பி.டி.ஏ.வால் ஈடுகொடுக்க முடியவில்லை. விவசாய நிலத்தை அப்படியே துண்டு போட்டு விற்ற ரெவின்யூ லேஅவுட்டுகள் பெருகின. இருபது, முப்பது அடித் தெரு. பூங்காவும் கிடையாது, பள்ளிக்கு இடமும் கிடையாது. அதன் மேல் ஐ.டி. வந்தது. பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு, ஒயிட்ஃபீல்டு என்று ஏரிக்கரை கிராமங்களின் மாட்டு வண்டிப் பாதைகளே பிரதான சாலைகளாயின. வாங்கிய நிலத்தை ஒவ்வொரு பில்டரும் சுற்றி மதில் எழுப்பி அடைத்தார்.

அந்த மதிலுக்குள் போய்ப் பார்த்தால் எல்லாம் இருக்கும். நடக்க ரப்பர் பாதை, நீச்சல் குளம், ஜிம். வாசலுக்கு வெளியே ஒரு கல் நடைபாதை இருக்காது. எதிரே தெரியும் பள்ளிக்கூடம் பருந்துப் பார்வையில் முந்நூறு மீட்டர். நடுவே இன்னொரு வளாகத்தின் மதில், அதற்கப்பால் ராஜகாலுவே என்னும் பெரிய மழைநீர்க் கால்வாய். பாலம் இல்லை. சுற்றிப் போனால் இரண்டு கிலோமீட்டர். அதனால் பள்ளி பஸ், அதனால் நெரிசல், அதனால் இன்னொரு மேம்பாலத்துக்கான கோரிக்கை. இரண்டு மதில்களுக்கு நடுவே ஆறடிப் பொது வழியும் கால்வாயின் மேல் ஒரு சிறு நடைபாலமும் இருந்திருந்தால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே இருந்திருக்காது. நகரத் திட்டத்தில் சாலையின் அகலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். குறுக்கு வழிகளைப் பற்றிப் பேசுவதே இல்லை. மல்லேஸ்வரத்தின் கிராஸ்களும் சந்துகளும் செய்யும் வேலையே அதுதான்: நேர் வழியை நடப்பவருக்குக் கொடுப்பது.

கடைகள் விஷயத்தில் வேறொரு சிக்கல். நகரத்தின் திருத்திய பெருந்திட்டம் 2007இல் அறிவிக்கப்பட்டது. 2015 வரைக்குமானது அது. குடியிருப்புப் பகுதிகளில் வணிகத்துக்கு அது தாராளமாக இடம் கொடுத்தது. இந்திராநகர், கோரமங்களா போன்ற இடங்களில் வீடாக இருந்தது பப் ஆனது. இரவு இரண்டு மணிக்கு வாசலில் கார்களின் ஹாரன். குடியிருப்போர் சங்கங்கள் நீதிமன்றம் போயின. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விவாதம் வணிகம் வேண்டுமா வேண்டாமா என்று சுருங்கிப்போனபோது, குறுகிய தெருவில் வணிகமே கூடாது என்ற பக்கமாகச் சாய்ந்தபோது, பக்கத்துத் தெரு மளிகைக்கடையும் தையல்காரரும் பப்போடு சேர்த்துப் பார்க்கப்பட்டார்கள். இருநூறு கார்களை இழுக்கும் கடை ஒன்று. இருநூறு வீட்டுக்காரர்கள் நடந்து வரும் கடை இன்னொன்று. பரப்பளவையும் நேரத்தையும் சத்தத்தையும் வைத்து இரண்டையும் பிரிக்க விதி எழுதுவது கடினமே இல்லை. 2031க்கான வரைவுத் திட்டம் 2017இல் வெளிவந்தது. 2020இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே, 2015ஓடு காலம் முடிந்த திட்டத்தை வைத்துக்கொண்டு, அதற்குப் பின் முளைத்த ஒரு பெருநகரத்தை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஆறடி அகலம், ஆறங்குல உயரம்

நடைபாதை என்றவுடன் பலர் அதை அழகு வேலை என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு பொறியியல் இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் 2012 வழிகாட்டி, குடியிருப்புத் தெருவில்கூடத் தடையில்லாத நடை அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது. எதிரெதிரே இரண்டு சக்கர நாற்காலிகள் உரசாமல் கடக்கும் அகலம் அது. உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

பெங்களூரில் பல இடங்களில் நடைபாதை என்பது சாக்கடையின் மூடி. வடிகாலைக் கட்டி அதன் மேல் ஸ்லாப் போட்டுவிட்டால் நடைபாதை முடிந்தது என்று கணக்கு. அதனால் உயரம் ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டு அடி. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் ஏறச் சரிவு வெட்டியிருப்பதால் பத்தடிக்கு ஒருமுறை இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் இரண்டாவது இறக்கத்திலேயே சாலைக்கு வந்துவிடுவார். பிறகு டிரான்ஸ்ஃபார்மர், தொங்கும் கேபிள், உடைந்த ஸ்லாப், குப்பைக் குவியல், நிறுத்திய ஸ்கூட்டர். நெரிசல் நேரத்தில் நடைபாதை மேலேயே ஏறி வரும் ஸ்கூட்டர். சரியாகச் செய்ய வேண்டியது என்ன? நடைபாதை ஒரே மட்டத்தில் தொடர வேண்டும். ஏறி இறங்க வேண்டியது கார். வாசல் சரிவு நடைபாதையின் ஓரத்தோடு நிற்க வேண்டும். இவ்வளவு சின்ன மாற்றம் ஒரு தெருவில் யாருக்கு முதலிடம் என்பதைத் தலைகீழாக மாற்றிவிடும்.

இதைச் செய்து காட்டிய சாலைகள் இதே நகரத்தில் இருக்கின்றன. டெண்டர்ஷூர் என்ற திட்டத்தில் ரெசிடென்சி ரோடு, ரிச்மண்ட் ரோடு, செயின்ட் மார்க்ஸ் ரோடு, கன்னிங்ஹாம் ரோடு, மியூசியம் ரோடு, கமிசேரியட் ரோடு, விட்டல் மல்லையா ரோடு என ஏழு சாலைகள் முதலில் எடுக்கப்பட்டன. ஜனாக்ரஹா அமைப்போடு தொடர்புடைய ஜனா அர்பன் ஸ்பேஸ் வடிவமைத்தது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைபேசி எல்லாவற்றையும் நடைபாதைக்கு அடியில் குழாய் வழியாகக் கொண்டுபோய், பழுது பார்க்கத் திறந்து மூடும் வாய்களும் வைத்தார்கள். ஒவ்வொரு துறையும் வந்து தார்ச்சாலையைத் தோண்டுவது இதனால் நிற்கும். வாகனத் தடத்தின் அகலம் சாலை முழுக்க ஒரே அளவு; மீதி இடம் நடப்பவருக்கு. அகலமான இடத்தில் வேகம் எடுத்து, குறுகும் இடத்தில் முண்டியடிப்பதுதான் நெரிசலுக்கு ஒரு காரணம் என்பதால், இது வாகனங்களுக்கும் நல்லதுதான். சர்ச் ஸ்ட்ரீட்டும் கல் பாவி 2018 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2020 நவம்பரிலிருந்து சில மாதங்கள் வார இறுதிகளில் அங்கே வண்டிகளை நிறுத்திவைத்து, இந்திய அறிவியல் கழகம் காற்றையும் மக்கள் நடமாட்டத்தையும் ஆராய்ந்தது. தெருவில் குழந்தைகள் ஓடுவதை அந்த வாரங்களில் நகரம் பார்த்தது.

என் குறை ஒன்று உண்டு. இந்தச் சாலைகள் எல்லாம் நகரத்தின் நடுவில், பெரிய ஓட்டல்களும் அலுவலகங்களும் இருக்கும் இடத்தில். ஹலசூருக்கு எப்போது வரும்? மர்ஃபி டவுனுக்கு, ஸ்ரீராம்புரத்துக்கு? ஹலசூர்க் கடைத்தெருவில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. கீழே கடை, மேலே வீடு; சோமேஸ்வரர் கோயில், சந்தை, பள்ளி, 2011இலிருந்து மெட்ரோ நிலையம், ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்கம், திருவள்ளுவர் சிலை. வேண்டியதெல்லாம் கூப்பிடு தூரத்தில். நகரத் திட்ட வல்லுநர்கள் புதிதாக உண்டாக்கத் துடிக்கும் அத்தனையும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, நடைபாதையைத் தவிர. ஏழைகளின் பேட்டைக்கு விலையுயர்ந்த கிரானைட் தேவையில்லை. உடையாத ஸ்லாப், எரியும் விளக்கு, ஒருபுறமாவது வண்டி நிற்காத தெரு போதும்.

காந்தி பஜார் அனுபவத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பசவனகுடியின் உயிர்நாடி அது. 1943இலிருந்து வித்யார்த்தி பவன் தோசைக்காக மக்கள் வரிசையில் நிற்கும் தெரு. நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்குநரகத்தின் திட்டப்படி 2022 கடைசியில் அதை நடப்பவர்களுக்கு ஏற்றதாக மாற்றும் வேலை தொடங்கியது. தோண்டிய தெரு நீண்ட நாள் தோண்டியபடியே கிடந்தது. கடைக்காரர்கள் வியாபாரம் போச்சு, பார்க்கிங் போச்சு என்று எதிர்த்தார்கள். பூவும் பழமும் விற்ற தெருவோர வியாபாரிகள் தங்கள் இடம் என்னாகும் என்று தவித்தார்கள். இதே பயத்தைச் சென்னை பாண்டி பஜாரும் பார்த்தது. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறந்தபின் தி. நகர் கூட்டம் குறைந்துவிடவில்லை. ஆனால் காந்தி பஜார்க் கடைக்காரரின் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. இரண்டு தீபாவளி வியாபாரத்தை இழந்தவருக்கு வரைபடம் காட்டிப் பயனில்லை. வேலையைச் சிறு சிறு பகுதியாக எடுத்து, ஒரு பகுதியை முடித்தபின் அடுத்ததைத் தோண்டியிருக்க வேண்டும். தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டம் கொடுக்கும் இடத்தை முதல் நாளே தரையில் கோடு போட்டுக் காட்டியிருக்க வேண்டும். அவர்கள் இல்லாத தெரு இரவு எட்டு மணிக்கே வெறிச்சோடிவிடும்; வெறிச்சோடிய தெருவில் பெண்கள் நடக்க மாட்டார்கள்.

நடை என்னும் மருந்து

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் ஓரளவு வேகமாக உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியர்களில் எத்தனை பேர் அதைச் செய்கிறார்கள்? 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, 2022இல் ஏறக்குறைய பாதிப்பேர் செய்யவில்லை. 2000இல் இது 22 சதவீதமாக இருந்தது. நீரிழிவோடு வாழ்கிறவர்கள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் சென்னை நீரிழிவு ஆய்வு மையம் நடத்திய ஆய்வு சொன்னது.

டாக்டர்கள் நடங்கள் என்கிறார்கள். எங்கே நடப்பது என்பதை மருந்துச்சீட்டில் எழுத முடியாது. மெட்ரோவுக்கோ பஸ்ஸுக்கோ போகக் கால் மணி, திரும்பி வரக் கால் மணி; வேலை நாள் ஐந்தும் சேர்ந்தால் அந்த 150 நிமிடம் தானாக வந்துவிடும். இதற்கெனத் தனியாக மனவுறுதி வேண்டியதில்லை. தெரு அனுமதித்தால் போதும்.

இதை நிரூபித்த ஓர் அனுபவம் சென்னையில் இருக்கிறது. திருமங்கலத்தில் ஏசியாட் காலனி. 1990களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே நீரிழிவு ஆய்வு செய்து, முடிவுகளை மக்களிடமே எடுத்துச் சொன்னார்கள். தங்கள் காலனியில் நடக்க இடமில்லை என்பதை உணர்ந்த குடியிருப்போர், தாங்களே பணம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். 1998இல் வாரத்தில் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் ஏழில் ஒருவர். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பார்த்தபோது பாதிக்கும் மேல். அறிவுரை ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். இடம் வந்தபிறகுதான் கால்கள் அசைந்தன.

ஆரோக்கிய நடை பற்றிப் பேசும்போது நாம் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். இந்த நகரத்தில் மிக அதிகம் நடப்பவர்கள் வேறு. ஐந்தாறு வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், விடியுமுன்னே தெரு பெருக்க வரும் பௌரகார்மிகர்கள், கட்டடத் தொழிலாளர்கள், செக்யூரிட்டிகள். அவுட்டர் ரிங் ரோட்டின் ஒருபக்கம் அவர்கள் குடியிருப்பு, மறுபக்கம் அபார்ட்மெண்ட். கடக்க ஸ்கைவாக் இருக்கிறது என்பார்கள். இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். லிஃப்ட் இருந்தால் ஓடுகிறதா என்பது வேறு கேள்வி. ஸ்கைவாக்குகள் பல விளம்பர வருமானத்தை நம்பித் தனியாரால் கட்டப்பட்டவை. அதனால் விளம்பரம் நன்றாகத் தெரியும் இடத்துக்கு இழுப்பு இருக்கும். மக்கள் கடக்கும் இடம் வேறாக இருக்கும். இந்தியச் சாலைப் பேராயமே தரைமட்டக் கடப்புக்குத்தான் முதலிடம் தருகிறது. சிக்னலில் வாகனங்களை நாற்பது விநாடி நிறுத்துவதற்குப் பதிலாக, நாள் முழுக்க நின்று வேலை செய்த பெண்ணை இரண்டு மாடி ஏறச் சொல்வது என்ன நியாயம்? 2022இல் மட்டும் நாடு முழுக்கச் சாலையில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர்.

நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசியிருக்கின்றன. நல்ல நிலையில் சாலையும் நடைபாதையும் கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று 2019இல் கர்நாடக உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது தலைமை நீதிபதி அபய் ஓகா. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில், அதே நீதிபதி ஓகா இருந்த அமர்வு, பாதசாரிகளின் நடைபாதை உரிமையை நாடு முழுமைக்கும் அதே 21ஆம் பிரிவின் கீழ் உறுதிசெய்தது. அந்த வழக்கை 2012இல் போட்டவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலையில் நொறுங்கி வந்த உடல்களைத் தைத்துக்கொண்டே இருந்த ஒரு மருத்துவர், நோயின் மூலம் தெருவில் இருக்கிறது என்று நீதிமன்றம் போனார். கர்நாடகத்திலோ நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் உரிமை தரும் மசோதா ஒன்று 2021இல் வரைவாக எழுதப்பட்டு, சட்டமாகாமல் நின்றுபோனது.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை கிட்டத்தட்ட 17 கிலோமீட்டருக்குச் சுரங்கச் சாலை போட 17,000 கோடி ரூபாய்க்கும் மேல் திட்டம் வைத்திருக்கிறார்கள். கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடி. டெண்டர்ஷூர் சாலை அதிக விலை என்று குறை கேட்டபோது சொல்லப்பட்ட தொகை கிலோமீட்டருக்குப் பத்துக் கோடியை ஒட்டித்தான். சுரங்கத்தின் ஒரு கிலோமீட்டரை விட்டுக்கொடுத்தால் நூறு கிலோமீட்டர் தெருவைப் பாட்டியும் பேரனும் கைகோத்து நடக்கும்படி செய்யலாம். 2016இல் 6.7 கிலோமீட்டர் எஃகு மேம்பாலம் வேண்டாம் என்று பெங்களூர்க்காரர்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த ஆண்டு அரசு அதைக் கைவிட்டது. வேண்டாம் என்று சொல்லி வென்ற அனுபவம் இந்த நகரத்துக்கு இருக்கிறது. வேண்டும் என்று கேட்டு வாங்கும் அனுபவம்தான் இன்னும் கைவரவில்லை. சென்னை மாநகராட்சி 2014இலேயே, போக்குவரத்துச் செலவில் 60 சதவீதமாவது நடைக்கும் சைக்கிளுக்கும் என்று கொள்கை எழுதியது. அதை முழுதாக நிறைவேற்றியது என்று சொல்ல மாட்டேன். எழுத்தில் இருப்பதால் கேள்வி கேட்கவாவது முடிகிறது.

யாரைக் கேட்பது என்பதுதான் பெங்களூரின் சங்கடம். மாநகராட்சி மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதற்குப் பின் ஐந்து ஆண்டுகள் தேர்தல் நடக்கவில்லை. உடைந்த ஸ்லாப்புக்காகச் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. 2025 செப்டம்பரில் கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. வார்டுகள் 369 ஆயின. வார்டு சின்னதாகியிருப்பது நல்லதுதான். நானூறு மீட்டர் வட்டங்களாகப் பார்க்கக்கூடிய அளவு அது. வார்டு கமிட்டி உட்கார்ந்து, எந்தத் தெருவிலிருந்து கிளினிக்குக்கு வழி அறுந்திருக்கிறது, எந்த மதிலில் ஒரு வாசல் திறந்தால் பள்ளி பக்கத்தில் வரும், எந்தக் கன்சர்வன்சி லேனைச் சுத்தம் செய்து விளக்குப் போட்டால் பிள்ளைகள் சைக்கிளில் போகலாம் என்று ஒரு வரைபடத்தில் குறிக்கலாம். மல்லேஸ்வரத்தில் அப்படிச் சில சந்துகளுக்கு வண்ணம் தீட்டி உயிர் கொடுத்திருக்கிறார்கள். பார்க்கிங்குக்குக் கட்டணம் வாங்கும் கொள்கையை 2021இலேயே ஏற்றுக்கொண்டார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து, அந்த வருமானத்தை அதே வார்டின் நடைபாதைக்குச் செலவிட்டால் கடைக்காரரும் குடியிருப்போரும் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நம்புகிறேன்.

எல்லாவற்றிலும் அவசரமானது அவுட்டர் ரிங் ரோடு. சில்க் போர்டிலிருந்து கே.ஆர். புரம் வரை மெட்ரோவின் நீல வழித்தடத்தின் தூண்கள் எழுந்து நிற்கின்றன. ரயில் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு நிலையத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்குவார்கள். இறங்கிய இடத்தில் ஐந்நூறு மீட்டருக்குத் தொடர்ச்சியான நடைபாதை, சர்வீஸ் ரோட்டைத் தரையில் கடக்க சிக்னல், வளாக மதில்களினூடே பொது வழி, பக்கத்தில் காய்கறிக்கும் டீக்கும் இடம், இவை இல்லையென்றால் அவர்கள் அடுத்த நிமிடமே ஆட்டோவிலும் பைக் டாக்சியிலும் ஏறுவார்கள். மறுமாதம் மறுபடி சொந்த பைக். நிலையம் திறந்த பிறகு நிலத்தைத் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். வாசல்கள் வண்டிகளாலும் பார்க்கிங்காலும் நிரம்பிவிடும். மெட்ரோ நிறுவனமும் புதிய கிழக்கு, தெற்கு மாநகராட்சிகளும் ஐ.டி. வளாகங்களின் உரிமையாளர்களும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த ஐந்நூறு மீட்டரை இப்போதே அளந்து கட்ட வேண்டும்.